ஏழாம் நம்பர் டெலிபோன்

ஷேக் தாவூத் மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவன் அல்ல. அங்கிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவனும் அல்ல. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் அவனுக்குப் பழைய இரும்புக் கடை. எந்த உலோகத்தைப் பார்த்தாலும் அதன் எடை தானாக அவன் மனசில் ஏறிவிடும். தன் கல்யாணத்தன்றே பிரியாணி தேக்சாவைப் பார்த்து எடை சொன்னான் என்று மச்சான்மார்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஐம்பத்துநாலாம் வருஷம், கத்திரி முடிந்தும் வெயில் தணியாத ரம்ஜான் கடைசியில், மனைவி ராபியாவைப் பிரசவத்துக்காக மீரான்மேட்டில் விட வந்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர் அது. பஸ், மாட்டு வண்டி, கடைசியில் தோணி. கூடவே கடையில் இரும்பு வெட்டுகிற மோசஸும் வந்தான். வழியில் முடித்துக்கொள்ள ஒரு வியாபாரமும் இருந்தது.

தோணித் துறையில் ஒரு டீக்கடை. தாவூத் நோன்பு, மோசஸ் மட்டும் டீ குடித்தான். பெஞ்சில் ஒருவர் உரக்கப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பசிபிக் கடலில் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தார்களாம். தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் சாம்பல் கொட்டியதாம்.

"ரெண்டு பக்கமும் இத்த வெச்சுகினு மொறைச்சுகினு கீறானுங்க. எவனாவது எதையாவது தப்பாப் பாத்துட்டு முந்திகினா இன்னா ஆவறது?" என்றார் அவர்.

"பழைய இரும்பு வெல ஏறும்" என்றான் தாவூத். டீக்கடையே சிரித்தது. ராபியா மட்டும் சிரிக்கவில்லை.

வியாபாரம் இதுதான். மீரான்மேட்டின் மணல் குன்றில், உலகச் சண்டையின் போது கடலைக் கண்காணிக்க ஓர் இரும்பு மேடை கட்டியிருந்தார்கள். ஊரில் அதை டவரு என்பார்கள். நாலு கர்டர், மேலே பலகைத் தளம், தகரக் கூரை, ஓர் ஏணி. அது ஏலத்துக்கு வந்தபோது தாவூத் எடுத்துவிட்டான். மனைவியிடம் வழியில்தான் சொன்னான். அவள் முகம் மாறியது. பிள்ளைத்தாச்சிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் டவரைப் பார்க்க ஏறினான். மேலே ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராபியாவின் அண்ணி லத்தீஃபா. சண்டைக் காலத்தில் செத்துப்போன கிஃபாயத்துல்லாவின் மனைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், ஒரே ஒரு பேரீச்சம்பழம்.

"நோன்பு தொறக்கிற நேரத்துல இங்க இன்னாக்கா பண்ணிகினு கீற?"

"வேல கீது தம்பி."

தூணில் ஒரு மரப்பெட்டி டெலிபோன் மாட்டியிருந்தது. மேலே இரண்டு பித்தளைக் கிண்ணிகளும் நடுவில் ஒரு சுத்தியும். அதிலிருந்து வந்த ஒயர் ஒரு முழம் போய்க் காற்றில் முடிந்திருந்தது. கம்பம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் என்றைக்கோ பிடுங்கிப் போய்விட்டார்கள்.

மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. தாவூத் மடியிலிருந்த பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். லத்தீஃபா தன் பழத்தைத் தொடவில்லை. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுத்தி அசைந்தது.

கிண்ணிகளில் மாறி மாறி மோதியது. ஆனால் சத்தம் வரவில்லை. கடல் காற்று முகத்தில் அடிக்கும்போதே எங்கிருந்தோ வேட்டு மருந்து கருகிய வாசனை வந்தது. லத்தீஃபா எழுந்து போனைக் காதில் வைத்தாள்.

"செவன். ஆல் கிளியர்."

உடனே மாட்டினாள். பிறகுதான் பழத்தை எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

காற்றில் சுத்தி ஆடியிருக்கும் என்று தாவூத் முடிவு செய்தான். புருஷன் போன துக்கத்தில் இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றும் முடிவு செய்தான். இரக்கமாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி ராபியா எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கண்ணன்தான் அந்த டவருல காவல். தெற்கே பட்டாளம் பீரங்கி வெச்சுகினு இருந்தது. தெனம் பொழுது சாயறப்போ அங்கேர்ந்து போன் வரும். 'செவன்'னு கேப்பாங்க, அது நம்ம டவரு நம்பரு. 'ஆல் கிளியர்'னு சொல்லணும். கேக்கறப்போ யாரும் எடுக்கலன்னா, எதிரி எறங்கி டவர புடிச்சுட்டான்னு கணக்கு. டவரு மேலயே சுட்டுடணும். அப்பிடி ஆர்டர்."

"இது இன்னா ஆர்டர்?"

"ஆர்டர்தான். அந்த வருசம் பெருநாளுக்கு மொத நாளு, ஊரே குன்னு கீழ நின்னு பொறை பாத்துகினு இருந்தோம். எங்கண்ணன் மேல தனியா நோன்பு தொறக்க மனசில்லாம, ஒரு வாய் கஞ்சி குடிக்கக் கீழ எறங்கி வந்துச்சு. அதுக்குள்ள பொறை தெரிஞ்சுடுச்சு. சந்தோசத்துல நம்ம ஆளுங்க வழக்கம்போல வேட்டு போட்டாங்க. அங்க பீரங்கிக்காரன் போன் போடறான், எடுக்க ஆளில்ல, வேட்டுச் சத்தம் மட்டும் கேக்குது. அவன் இன்னா நெனைப்பான்?"

குண்டு குன்றின் மேல் விழுந்ததாம். வீட்டுக்கு ஒருவராவது செத்துப்போனார்கள் என்றாள் ராபியா. அவள் அண்ணன் ஏணியின் பாதியில் கிடந்தான். மணி கேட்டு மறுபடி மேலே ஓடியிருக்கிறான்.

"மறுநாளும் போன் அடிச்சுது. ஒயரு எல்லாம் அறுந்து கெடக்குது, ஆனா அடிச்சுது. அண்ணிதான் ஓடிப்போய் எடுத்தாங்க. அன்னிலேர்ந்து அவங்கதான். பட்டாளம் போயிடுச்சு, வெள்ளைக்காரனும் போயிட்டான். கேக்கறது மட்டும் நிக்கல."

"எடுக்கலன்னா இன்னா ஆவும்?"

"ஒருவாட்டி அண்ணி காய்ச்சல்ல கெடந்தாங்க. யாரும் போவல. அன்னைக்கு டவருக்குப் பின்னால வரிசையா பனைமரமெல்லாம் தலையில்லாமப் போச்சு. நீங்களே பாத்தீங்களே, மொட்டையா நிக்குதே."

தாவூத் பார்த்திருந்தான். பனை மொட்டையாக ஆயிரம் காரணம் இருக்கும் என்று சொல்லித் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் காலையில் லத்தீஃபாவே வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நீ ஏலத்துல எடுத்தது. வேணாம்னு சொல்ல எனக்கு உரிமையில்ல. இரும்ப எல்லாம் கொண்டு போ. அந்தப் பெட்டிய மட்டும் எனக்கு வுட்டுடு. ஒரு கொம்பு நட்டு அதுல மாட்டிக்கறேன்."

"ஆவட்டும்க்கா" என்றான் தாவூத்.

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். கெட்டவன் இல்லை அவன். மத்தியானத்துக்குள் அவன் மனசு வேறு கணக்குப் போட்டது: இந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் இந்தப் பெண் இப்படியேதான் இருப்பாள், நாலு பேரைப் போல நோன்பு திறக்க மாட்டாள், இன்னொரு நிக்காஹைப் பற்றி நினைக்க மாட்டாள். பெட்டி போனால் நாலு நாள் அழுவாள், அப்புறம் தெளிந்துவிடுவாள். அதற்குள் பித்தளைக் கிண்ணிகளின் எடையும் அவனறியாமல் மனசில் ஏறியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ராபியாவுக்கு இடுப்பு வலி என்று லத்தீஃபா உள்ளே வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மோசஸ் டவரைப் பிரித்தான். கூலியாட்கள் கர்டர்களைத் தோணியில் ஏற்றினார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் லாரி நின்றது.

"பாய், இந்த டெலிபோன் பொட்டி?"

"அதையும் போடு. நீயும் லாரியோட போ. கடையில எறக்கிட்டு நாளைக்கு பெருநாள் பிரியாணிக்கு வந்துடு."

மோசஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறிப் போனான்.

அன்றைக்கு இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். பனைகளைத் தாண்டி மேற்கு வானம் முழுசாகத் தெரிகிற இடம் அந்த மணல் குன்று மட்டும்தான். சண்டைக்கு அப்புறம் மேலே ஏறாத ஜனம், டவர் போய்விட்டதே என்ற தைரியத்தில் அன்றைக்கு உச்சி வரைக்கும் ஏறியது. இரும்பு நின்ற இடத்தில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடின. வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று ராபியாவையும் அவள் அம்மா கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தாள்.

ஊரே தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தாவூத்துக்குத் தோன்றியது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அவனும் சிரித்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லத்தீஃபா மேலே வந்தாள். கையில் செம்பு. துப்பட்டி முனையில் பழத்தை முடிந்திருந்தாள். கர்டர்கள் நின்ற நாலு குழிகளையும் பார்த்தாள். அப்புறம் தாவூத்தைப் பார்த்தாள்.

"பெட்டி எங்க தம்பி?"

அவன் கால்வாய்ப் பக்கம் பார்த்தான்.

"எங்க தம்பி?"

"லாரில போயிடுச்சுக்கா. இந்நேரம் திருக்கழுக்குன்றத்துக்கிட்ட போயிருக்கும்."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. செம்பைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் தாவூத் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறான்.

சூரியன் இறங்கியது.

பாங்கு ஆரம்பித்தது. பழங்கள் வாய்க்குப் போயின. காற்று நின்றுவிட்டது. கடல் சத்தம் எங்கோ பின்வாங்கிப் போனது போல இருந்தது.

வேட்டு மருந்து வாசனை.

மணி அடித்தது.

இந்த முறை சத்தம் இருந்தது. காலியான இடத்தில், டெலிபோன் மாட்டியிருந்த உயரத்தில், ஒன்றுமே இல்லாத காற்றுக்குள்ளிருந்து அடித்தது. கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது. விளையாடிய குழந்தைகள் நின்றன. வயசானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாவூத் பாய்ந்து காற்றைப் பிடித்தான். கையில் ஒன்றும் சிக்கவில்லை.

"ஆல் கிளியர்!" என்று கத்தினான். "செவன்! ஆல் கிளியர்!"

மணி நிற்கவில்லை.

"எடுத்தாத்தான் தம்பி கேக்கும்" என்றாள் லத்தீஃபா மெதுவாக.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, பாதி அடிப்பில், வெடுக்கென்று நின்றது.

"அப்பாடா" என்றார் யாரோ. தாவூத்துக்கும் உயிர் வந்தது. அங்கே லாரியில் யாரோ போனை எடுத்திருக்கிறார்கள்.

லத்தீஃபா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"யாரு எடுத்தது?"

"மோசஸாத்தான் இருக்கும்."

"அவனுக்குச் சொல்லிக் குடுத்தியா? இன்னா சொல்லணும்னு?"

"இல்லக்கா."

அவள் பிடி தளர்ந்தது. ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்தபோது குரல் வேறாக இருந்தது.

"எல்லாரையும் எறக்கு. கால்வாய் பக்கம் ஓடச் சொல்லு. ராபியாவத் தூக்கு. தூக்குடா!"

"நீயும் வாக்கா!"

"ஏழுல ஆள் இருக்கணும் தம்பி. ஆளே இல்லன்னுதான் அன்னைக்கு சுட்டாங்க."

யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பழையதை அறிந்தவர்கள் ஏற்கெனவே குழந்தைகளை அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். தாவூத் ராபியாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான். மணல் முழங்கால் வரைக்கும் இழுத்தது. ராபியா அவன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து "அண்ணி! அண்ணி!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். எதிரே, பனைகளுக்கு மேலே, நகம் வெட்டிப் போட்டது போல் மெல்லிசாகப் பிறை தெரிந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை.

பின்னால், குன்றின் மேல், லத்தீஃபா வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"செவன்! ஆல் கிளியர்! ஆள் கீறேன்! செவன்!"

தெற்கே, வெகு தூரத்தில், தேக்சா மூடி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

அப்புறம் சீட்டி. தலைக்கு மேலே, நீளமாக, இறங்கி வந்துகொண்டே இருந்தது.

தாவூத் ராபியாவின் மேல் கவிழ்ந்து படுத்தான்.

பூமி ஒரு தடவை தூக்கிப் போட்டது. மணல் மழையாகக் கொட்டியது. சுடச்சுட இருந்தது. அது நின்ற பிறகு, காது அடைத்த அந்த அமைதியில், அவன் தேடிக் கேட்டது ஒரே ஒரு குரலைத்தான். அது வரவில்லை.

குன்றின் உச்சியில் ஒரு வீடு இறங்குகிற அளவுக்குப் பள்ளம். குண்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. விளக்குகளை எடுத்துக்கொண்டு தேடினார்கள். துப்பட்டி கிடைத்தது, முனையில் பழம் முடிந்தபடியே இருந்தது. அவள் நோன்பு திறக்காமலே போயிருக்கிறாள். தாவூத் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை போல விசும்பி விசும்பி அழுதான். அவனை யாரும் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. மறுநாள் காலையில் வந்த அதிகாரி வானத்தைப் பார்த்துவிட்டு, இடி விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மோசஸ் வந்தான். தலையில் மரப்பெட்டி. ராத்திரி முழுவதும் நடந்திருக்கிறான். கால் பொத்துப் போயிருந்தது.

"பாய், லாரி டயருக்குக் காத்தடிக்க நின்னுகினு இருந்துச்சு. இது அடிச்சுது பாய். மடியில வெச்சுகினு கீறேன், அடிக்குது. வெளையாட்டா எடுத்து 'ஹலோ'ன்னேன். 'செவன், ரிப்போர்ட்'னான். யாருய்யான்னேன். 'என்ன தெரிகிறது?'ன்னான், நல்லா மரியாதையா. சுத்திப் பாத்தேன். மேல பாத்தேன்."

"இன்னா சொன்ன?"

"வானத்துல வெளிச்சமா இன்னாவோ ஒண்ணு தெரியுதுன்னேன். பொறை தான் பாய் அது! பொறைன்னு எனக்கும் தெரியும்! அத்த சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள 'தேங்க் யூ'ன்னு வெச்சுட்டான். நான் கத்துறேன், நெலாய்யா, நெலாய்யான்னு. பொட்டிக் கைப்பிடியச் சுத்திச் சுத்திப் பாத்தேன், அப்புறம் அவன் எடுக்கவே இல்ல பாய்."

தாவூத் அவன் தலையிலிருந்து பெட்டியை இறக்கினான். பொய் சொல்லியிருந்தால்கூட லத்தீஃபா பிழைத்திருப்பாள், பார்த்ததைச் சொன்னதால் போய்விட்டாள் என்று மோசஸிடம் எப்படிச் சொல்வது? அவன் தோளைத் தட்டி, "போய் ஏதாவது சாப்புடு" என்றான்.

பெருநாள் தொழுகை முடிந்து யாரும் யாரையும் தழுவிக்கொள்ளவில்லை. தாவூத் ஒரு பனங்கட்டையைச் சுமந்து போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நட்டான். பெட்டியை அதில் ஆணி அடித்து மாட்டினான். சாயங்காலம் ராபியா சரிவுக்குக் கீழே வந்து நின்றாள்.

"வேற யாராவது பாத்துக்கட்டும். நாம செங்கல்பட்டுக்கே போயிடலாம். பிரசவம் அங்கயே ஆவட்டும். வாங்க."

"இன்னைக்கு மட்டும்" என்றான். அவன் குரலிலிருந்தே அது இன்றைக்கு மட்டும் அல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்தாள்.

சூரியன் பனைகளுக்குள் இறங்கியது. வேட்டு மருந்து வாசனை வந்தது. சுத்தி அசைந்தது. தாவூத் போனை எடுத்துக் காதில் வைத்தான். ஐஸ் கட்டியைத் தொட்டது போல இருந்தது.

"செவன்?"

குரல் நிதானமாக இருந்தது. வயசும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை.

"செவன்" என்றான் தாவூத். "ஆல் கிளியர்."

லத்தீஃபா இதைச் சொன்னதும் மாட்டிவிடுவாள். அவனுக்குக் கை இறங்கவில்லை. அந்தப் பக்கம் காற்று வீசுவது போல இரைச்சல் கேட்டது. பிறகு அதே குரல், அவனிடம் அல்ல, வேறு யாரிடமோ கேட்டது.

"எய்ட்?"

வெகு தூரத்திலிருந்து ஒரு கிழவர் இருமினார். அவனுக்குத் தெரியாத ஏதோ பாஷையில் இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, தட்டுத் தடுமாறி "ஆல் கிளியர்" என்றார்.

"நைன்?"

ஒரு பெண். பக்கத்தில் குழந்தை அழுதது. அதை அதட்டிவிட்டு, மூச்சு வாங்க, அதே வார்த்தை.

தாவூத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். எந்த நாட்டில், எந்த மேட்டில், எத்தனை பேர் இப்படி ஒயர் அறுந்த பெட்டிகளைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்?

"டென்?"

பதில் இல்லை.

"டென்?"

இரைச்சல் மட்டும்.

"யாருய்யா டென்னு?" தாவூத் கத்தினான். கீழே ராபியா பதறி எழுந்தாள். "எடுங்கய்யா! யாராவது எடுத்து ஒரு வார்த்த சொல்லுங்கய்யா!"

"டென்?"

யாரும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.